நிலைத்த நஞ்சும் நிலையற்ற கூலியும்: ஒரு தேசியத் திட்டத்தை வாசித்தல்

தமிழ் படித்தவர்கள் அரசு ஆவணங்களை வாசிப்பதில்லை. கல்வெட்டு என்றால் வாசிப்போம். செப்பேடு என்றால் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்போம். நிலத்தின் நான்கெல்லையையும் கொடை கொடுத்தவளின் பெயரையும் ஆயிரம் ஆண்டு கழித்தும் தேடி எடுப்போம். நம் காலத்து அரசுகள் எழுதி வைப்பவற்றை மட்டும் விஞ்ஞானிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மாணவியின் விரல்கள்தான் என்னை அந்தப் பக்கம் திருப்பின.

முதுகலை வகுப்பில் படித்தவள். கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு சிற்றூரிலிருந்து வருபவள். காய் எடுப்புக் காலத்தில் சனி, ஞாயிறுகளில் அம்மாவோடு ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவாள். தேர்வுக் கட்டணம் அப்படித்தான் கட்டப்பட்டது. ஒருநாள் கட்டுரை ஏட்டை நீட்டியபோது விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தேன். “என்னம்மா இது, ஏதாவது மருந்து போட்டியா?” என்று கேட்டேன். “மருந்துதாம்மா இப்படி ஆக்கிருச்சு” என்றாள்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. என் வாக்கியத்தில் மருந்து குணமாக்குவது. அவள் வாக்கியத்தில் அது காயத்துக்குக் காரணம். பூச்சிக்கொல்லியை நம் ஊரில் யாரும் நஞ்சு என்று சொல்வதில்லை. மருந்து வாங்குகிறோம், மருந்து கலக்குகிறோம், மருந்து அடிக்கிறோம். வீட்டுச் சண்டையில் ஒருத்தி உயிரை விட்டால் “மருந்தக் குடிச்சிட்டா” என்கிறோம். பசுமைப் புரட்சி நம் வயலுக்குக் கொண்டுவந்தவற்றில் இந்தச் சொல்மாற்றமும் ஒன்று. நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தபிறகு, அது தன்னை நோயாளியாக்கியது என்று சொல்ல ஒரு பெண்ணுக்குத் தமிழில் வாக்கியமே இடறுகிறது.

அந்த வாரம்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையையும், அதன்படி இந்தியா எழுதிய தேசியச் செயலாக்கத் திட்டத்தையும் வாசிக்கத் தொடங்கினேன். ஒரு காப்பியத்தை எப்படி வாசிப்போமோ அப்படி: யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் வாய் திறப்பதே இல்லை என்று கேட்டுக்கொண்டு.

*

முதலில் ஆவணத்தின் கதை. எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, கொழுப்பில் கரைந்து உயிர்களின் உடலில் சேர்ந்து, காற்றோடும் நீரோடும் நெடுந்தொலைவு போய், நோயும் தரக்கூடிய வேதிப்பொருட்களை ‘நிலைத்த கரிம மாசுப் பொருட்கள்’ என்கிறார்கள். இவற்றைக் கட்டுப்படுத்தவும் ஒழிக்கவும் 2001 மே மாதம் ஸ்டாக்ஹோமில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கப் பட்டியலில் இருந்தவை 12: டி.டி.டி., ஆல்டிரின், டையல்டிரின், எண்டிரின், ஹெப்டாகுளோர் போன்ற பூச்சிக்கொல்லிகள். மின்மாற்றிகளின் எண்ணெயில் கலக்கும் பி.சி.பி.; குப்பையை எரிக்கும்போதும் ஆலைகளிலும் பிறக்கும் டையாக்சின், ஃபியூரான். இன்று பட்டியல் 30ஐத் தாண்டிவிட்டது.

இந்தியா 2006 ஜனவரியில் ஏற்பளித்தது. ஏற்பளித்த ஒவ்வொரு நாடும் இதை எப்படி நிறைவேற்றப் போகிறோம் என்று ஒரு தேசியத் திட்டம் எழுதித் தரவேண்டும். உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. இந்தியா தன் திட்டத்தை 2011 ஏப்ரலில் கொடுத்தது. அது அந்த முதல் 12 பொருட்களுக்கான திட்டம். அதே ஏப்ரல் கடைசியில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் எண்டோசல்ஃபானைப் பட்டியலில் சேர்த்தன. உலகிலேயே அதிகமாக எண்டோசல்ஃபான் தயாரித்துவந்த நாடு இந்தியா. நம் அரசு கடைசிவரை எதிர்த்து, பிறகு விலக்குகளோடு ஒப்புக்கொண்டது. திட்டம் கையளிக்கப்பட்ட மாதத்திலேயே, நம் மக்களுக்கு மிக நெருக்கமான நஞ்சு அதற்கு வெளியே நின்றது.

விலக்குகளின் அட்டவணையைப் பாருங்கள். பயிர் ஒரு பக்கம், பூச்சி ஒரு பக்கம், இணை இணையாக அடுக்கியிருக்கும்: பருத்திக்கு இன்னது, நெல்லுக்கு இன்னது, தேயிலைக்கு இன்னது. வேளாண் அறிவியலின் கண்ணுக்குத் தெரியும் உலகம் அவ்வளவுதான். பயிருக்கும் பூச்சிக்கும் நடுவில் நுழைகிற கைக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.

*

அப்படியானால் உடன்படிக்கையில் பெண்ணே இல்லையா? இருக்கிறாள். தேடிப் பார்த்தேன். மூன்று இடங்களில் இருக்கிறாள்.

முன்னுரையில் ஓர் இடம். இந்தப் பொருட்கள் வளரும் நாடுகளில் உண்டாக்கும் உடல்நலக் கேடுகளை, அதிலும் பெண்கள்மீதும் அவர்கள் வழியாக வருங்காலத் தலைமுறைகள்மீதும் விழும் கேடுகளை உணர்ந்திருப்பதாக நாடுகள் சொல்கின்றன. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட வரிதான். ஆனால் ‘அவர்கள் வழியாக’ என்ற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பெண் இங்கே ஒரு வழி. அவளைக் கடந்து நஞ்சு எங்கே போகிறது என்பதே வாக்கியத்தின் இறுதிக் கவலை.

இரண்டாவது, 10ஆம் பிரிவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மிகக் குறைவாகக் கல்வி பெற்றவர்களுக்கும் சிறப்பாக விழிப்புணர்வு ஊட்டவேண்டும் என்கிறது. மூவரும் ஒரே மூச்சில் வருகிறார்கள். தெரியாதவர்கள், சொல்லிக்கொடுக்கப்பட வேண்டியவர்கள்.

மூன்றாவது, 7ஆம் பிரிவிலேயே. தேசியத் திட்டத்தை உருவாக்கும்போதும் நிறைவேற்றும்போதும் திருத்தும்போதும் பெண்கள் குழுக்களையும் குழந்தைகள் நலக் குழுக்களையும் கலந்துபேச வேண்டும் என்கிறது. இது வலுவான வரி. இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

தாய்க்கு ஓர் இடம், மாணவிக்கு ஓர் இடம், ஆலோசனைக் கூட்டத்தின் நாற்காலியில் ஓர் இடம். நஞ்சுக்கு நடுவே நின்று கூலி வேலை செய்பவளுக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தவில்லை. அவள் அன்று தாயாகவோ மாணவியாகவோ போகவில்லை, வேலைக்காரியாகப் போனாள்.

அவளுக்குத் தெரியாது என்பதும் உண்மையில்லை. அந்த மாணவியின் அம்மாவைப் பிறகு ஒருநாள் சந்தித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் மலையேறியவர். நான் கேட்காமலே சொன்னார்: “அடிச்ச மறுநாளு எடுப்புக்கு விட்டா கையி காந்தும் டீச்சரம்மா. மூணு நாளு கழிச்சுன்னா அம்புட்டுத் தெரியாது. மழை பேஞ்சு ஓஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணாது. பொடவைல நாத்தத்த வச்சே சொல்லிருவேன், பழைய மருந்தா புது மருந்தான்னு.” “கங்காணிகிட்ட சொல்ல மாட்டீங்களாக்கா?” என்றேன். “சொன்னா, நாளைக்கு ஜீப்புல எடமில்லம்பாக” என்றார்.

எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம், மழை எதைக் கழுவும், எந்த மணம் எந்தப் புட்டி என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. விழிப்புணர்வு அவரிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. இல்லாதது ஜீப்பில் உறுதியான இடம்.

*

ஏலத்தோட்டத்தை அறியாத வாசகிகளுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும், காய் அவற்றில்தான். பழுத்தும் பழுக்காமலும் இருக்கும் காய்களில் பதம் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். ஆடியில் தொடங்கித் தை வரை சுற்றுச் சுற்றாக எடுப்பு நடக்கும். குனிந்தும் குந்தியும் செடியின் காலடியில் கையை விட்டுத் துழாவும் இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. காயைக் கெடுக்கும் இலைப்பேன் ஒளிந்திருப்பதும் அந்தச் சரங்களிலும் தட்டையின் அடிமடலிலும்தான். தெளிப்பானின் முனை அங்கேதான் குறிவைக்கப்படுகிறது. வேர்ப்புழுவுக்கு ஊற்றும் மருந்தும் தூரில்தான் இறங்குகிறது. நஞ்சு எங்கே போய்ச் சேரவேண்டும் என்று அறிவியல் பரிந்துரைக்கிறதோ, அதே இடத்தில்தான் பெண்ணின் கை நாளெல்லாம் இருக்கிறது.

தெளிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அது தனி வேலை, தனிக் கூலி. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அந்த ஆணை ஓரளவுக்காவது பார்க்கின்றன: தயாரிப்பவர்களுக்கும் தெளிப்பவர்களுக்கும் பாதுகாப்பு உடை, மருத்துவப் பரிசோதனை என்று பேசுகின்றன. நடைமுறையில் எவ்வளவு என்பது வேறு. காகிதத்திலாவது அவன் மருந்தோடு தொடர்புடையவன். அவனுக்குப் பின்னால் மறுநாள் வருகிறவள் காய் எடுப்பவள் மட்டும். மருந்தைத் தொடுபவள் என்ற கணக்கில் அவள் இல்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலமும் அடங்கியிருந்தது. 2010இல் அதில் சேர்த்த பாதுகாப்புப் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. நஞ்சுக்கு ஆளாகும் தொழிலாளிகளுக்குக் காலமுறைப்படி மருத்துவப் பரிசோதனை வேண்டும். ஆபத்தான வேதிப்பொருட்களைக் கையாளுவதில் பெண்களையும் வளரிளம் பருவத்தினரையும் தடைசெய்யவோ கட்டுப்படுத்தவோ மாநிலங்கள் விதி செய்யலாம். முதலாவது நல்ல சொல்: ‘ஆளாகும்’. கையாளுபவர் மட்டுமல்ல, ஆளாகுபவரும் என்றால் எடுப்புக்காரி உள்ளே வந்துவிடுவாள். ஆனால் அதற்கு அவள் பெயர் தோட்டத்தின் பேரேட்டில் இருக்க வேண்டும். ஜீப்பில் வந்து ஜீப்பில் திரும்பும் அன்றாடக் கூலியின் பெயரை எத்தனை தோட்டங்கள் எழுதி வைக்கும்? சட்டத்தின் அளவுகோலான 5 ஹெக்டேருக்குக் கீழே உள்ள சிறு தோட்டங்களுக்கு அந்தக் கடமையும் இல்லை. இரண்டாவது விதி நமக்குப் பழகிய பாதுகாப்பு: பெண்ணைக் கையாளுவதிலிருந்து விலக்கிவைத்து, அந்த வேலையின் கூடுதல் கூலியையும் விலக்கி, நஞ்சை மட்டும் அவளுக்கு மிச்சம் வைப்பது.

*

இப்போது உடன்படிக்கையின் மையச் சொல்லுக்கு வருவோம். ‘நிலைத்த.’ தமிழில் இது புகழுக்குச் சேரும் அடைமொழி. நிலைத்த புகழ், நிலைத்த செல்வம், நிலைபேறு. வேதியியல் அதை அரைவாழ்வுக் காலத்தால் அளக்கிறது: மண்ணில் எத்தனை மாதம், நீரில் எத்தனை மாதம். இந்த அளவுகோலைத் தாண்டும் மூலக்கூறு பட்டியலுக்கு வரும், தாண்டாதது வராது. உலகம் முழுவதற்குமான ஓர் உடன்படிக்கைக்கு இப்படியொரு கோடு தேவைதான். ஆர்க்டிக் பனியில் வாழும் இன்யூட் பெண்களின் பாலில், அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தாத பூச்சிக்கொல்லிகள் கண்டறியப்பட்டதுதான் இந்த உடன்படிக்கைக்கே உந்துதலாக இருந்த செய்திகளில் ஒன்று.

ஆனால் என் மாணவியின் விரல் உரிந்தது பட்டியலில் உள்ள பொருளால் என்று நான் சொல்லமாட்டேன். அவள் போன காலத்தில் எண்டோசல்ஃபான் இல்லை. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்று அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நாடு முழுவதும் நிறுத்தியது. அதன்பின் தோட்டங்களில் வேறு புட்டிகள் வந்தன. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஏலத்துக்குப் பழையவையே, புதியவையும் பல. இவற்றில் பல சில நாட்களில், சில வாரங்களில் சிதைந்துவிடும் என்பதே இவற்றின் நற்சான்று. சிதையட்டும். மண்ணிலிருந்து அது மறைவதற்குள் அடுத்த தெளிப்பு வந்துவிட்டால்? பருவம் முழுவதும், ஆண்டுக்கு ஆண்டு, இருபது ஆண்டுகள் ஒருத்தி அதே தூரில் கையை விட்டுக்கொண்டிருந்தால்? மூலக்கூறு நிலையற்றது. அவள்மீது அது படுவது நிலைத்தது. அரைவாழ்வுக் காலத்தை மண்ணில் அளந்தவர்கள், ஒரு வேலைநாளில் அளக்கவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவது இதைத்தான்: நஞ்சு நிலைக்கிறதா என்று மட்டும் கேட்கும் திட்டம் பாதித் திட்டம். நஞ்சுபடும் நிலைமை நிலைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஆய்வகம் போதும். இரண்டாவது கேள்விக்குக் கூலி, சாதி, பால், எல்லைக்கோடு எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். அதனால்தான் அது கேட்கப்படாமலே போகிறது.

பெயர் பெயராகத் தடைசெய்யும் முறையின் தாமதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேலே சொன்ன குளோர்பைரிபாஸ் 2025இல்தான் ஸ்டாக்ஹோம் பட்டியலில் சேர்ந்தது, அதுவும் விலக்குகளோடு. எடுப்புக்காரியின் கைக்கு அது வந்துசேர்ந்து எத்தனையோ பருவங்கள் கழித்து. பட்டியலில் சேர்வது ஒன்று. நம் நாட்டில் செல்லுபடியாவது வேறு. புதிதாகச் சேரும் எந்தப் பொருளும் தனியே ஏற்பளித்தால்தான் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று இந்தியா அறிவித்திருக்கிறது. 2018இல் ஏழு பொருட்களுக்கு விதி செய்து, 2020 அக்டோபரில் அந்த ஏழுக்கும் அமைச்சரவை ஏற்பளித்தது. அந்த ஏழில் எண்டோசல்ஃபான் இல்லை. அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது நீதிமன்றத்தின் ஆணை.

*

அந்த ஆணைக்குப் பின்னால் காசர்கோடு இருக்கிறது. கேரள அரசின் தோட்டக் கழகம் தன் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தது. அதன் கீழே வாழ்ந்த ஊர்களின் துயரத்தை மலையாளம் பேசாமல் விடவில்லை. அம்பிகாசுதன் மாங்காட்டின் ‘என்மகஜே’ என்ற நாவல் 2009இல் வந்தது. ஓர் ஊராட்சியின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நாவல். டாக்டர் பிஜுவின் திரைப்படம் வந்தது. உலகமெங்கும் புகைப்படங்கள் போயின. இவை இல்லாமல் தடை வந்திருக்காது. நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் ஒரு பெண்ணிய வாசகி அந்தப் படங்களின் முன் சங்கடப்படாமல் நிற்க முடியாது. நம் நினைவில் தங்கிய படம் ஒன்றுதான்: உடல் வேறுபட்ட குழந்தை, அதை மடியில் ஏந்திய தாய். ஊனமுற்ற குழந்தையின் உடலையே நஞ்சின் சாட்சியாக, கண்டு அஞ்சவேண்டிய காட்சியாகக் காட்டுவது அந்தக் குழந்தைக்கு நீதியா என்பது ஒரு கேள்வி. தாயின் உடலில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லையே என்பது அடுத்த கேள்வி. மீண்டும் அதே ‘அவர்கள் வழியாக’. முந்திரி பொறுக்கியவள், அந்தத் தோட்டத்தின் கூலி, படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டாள்.

அந்தச் சட்டத்துக்குள் அடங்காத ஒரு பெண் லீலாகுமாரி அம்மா. வேளாண் துறையில் பணியாற்றியவர். தன் வீட்டின்மேல் விழுந்த தெளிப்பை எதிர்த்து 1998இல் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்துக்குப் போனார், தடையும் பெற்றார். வேளாண் துறைக்குள்ளிருந்தே ஒரு பெண் இது மருந்தல்ல என்று எழுதிக் கையொப்பமிட்டதுதான் அந்த வழக்கு. நம் பாடப்புத்தகங்களுக்கு இந்தப் படிமம் வேண்டும்: மனு எழுதும் பெண்.

உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் மூன்று மாதத்துக்குள் தரச்சொல்லிக் கேரள அரசுக்கு ஆணையிட்டது. பெரிய வெற்றி. பாதிக்கப்பட்டோர் பட்டியல் காசர்கோட்டின் 11 ஊராட்சிகளை அடித்தளமாகக் கொண்டு தொடங்கியது. அதாவது, எங்கே குடியிருக்கிறாய் என்பதே நுழைவாயில். வானத்திலிருந்து விழுந்த நஞ்சுக்கு அது சரிதான். காலையில் ஒரு மாநிலத்தில் எழுந்து, பகலெல்லாம் இன்னொரு மாநிலத்தில் குனிந்து, இரவு திரும்பி வருகிறவளை அந்த வாயில் எந்தக் காலத்திலும் உள்ளே விடாது.

*

விடியற்காலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஜீப்புகள் கிளம்பும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என மூன்று வழிகளில் மலையேறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் இறக்கிவிடும். கேரளத்தில் தடை இருந்து, தமிழ்நாட்டில் எண்டோசல்ஃபான் விற்பனையில் இருந்த ஆண்டுகளும் உண்டு. சாவடியைத் தாண்டி மருந்து மலையேறியதாக அப்போதே செய்திகள் வந்தன. பெண்ணும் புட்டியும் ஒரே பாதையில் ஏறின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை கொதித்தபோது ஜீப்புகள் நின்றன, வேலைக்குப் போன பெண்கள் அஞ்சித் திரும்பி வந்தார்கள். ஏப்ரலில் தேசியத் திட்டம், மே மாதம் தடை, டிசம்பரில் அடைபட்ட பாதை: ஒரே ஆண்டில். அணையின் உயரத்தைப் பற்றி இரண்டு அரசுகளும் பேசின. அந்தத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போகும் உடல்களைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

எடுப்புக்காரி தொட்ட காய், அவளை விட்டுப் பிரிந்தவுடன் கவனிப்புக்கு உரியதாகிவிடுகிறது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் வரம்புக்கு மேல் இருப்பதாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிசோதனை சொல்ல, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. வழக்கின் முடிவு எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: உண்பவருக்கு எவ்வளவு எச்சம் என்று அளக்க ஒரு வரம்பு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஒரு டப்பாவில் சில காய்கள்தான். அந்தக் காயை ஈரத்தோடு நாளெல்லாம் கிலோக் கணக்கில் எடுத்த கைக்கு எவ்வளவு என்று அந்த வழக்கில் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை.

*

உடன்படிக்கை வெற்றி பெறுகிறதா என்று எப்படி அறிவது? உலக அளவிலான கண்காணிப்பில் காற்றையும் தாய்ப்பாலையும் இரத்தத்தையும் சோதிக்கிறார்கள். கொழுப்பில் கரையும் நஞ்சு பாலில் வெளிவரும். முதல் குழந்தைக்கு அதிகமாகப் போகும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம், கொடுப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. வாசகிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நஞ்சின் பழியையும் தாயின் மார்பில் சுமத்துவது இன்னொரு வன்முறை.

வகுப்பில் நான் புறநானூற்றின் 278ஆம் பாட்டை நடத்துவேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் புறமுதுகிட்டான் என்றால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்துப் போர்க்களம் போகும் முதியவளின் பாட்டு. தாய்ப்பாலை வீரத்தின் உரைகல்லாக்கிய மரபு அது. இப்போது அதே பால் நாடுகளின் உடன்படிக்கைக்கு உரைகல்லாகியிருக்கிறது. இரண்டு இடத்திலும் பால் பேசுகிறது. வேறு யாருடைய நடத்தைக்கோ சாட்சி சொல்கிறது. பாலுக்கு உரியவளிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும் என்று சொன்ன ஒருத்தி எங்கள் மலைமேல்தான் இருக்கிறாள். கூடலூருக்கு மேலே, பளியன்குடியிலிருந்து நடந்து ஏறினால் மங்கலதேவி. இடமுலையைத் திருகி எறிந்து ஊரை எரித்தவள் வந்து நின்ற வேங்கை மரம் அங்கேதான் என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. எல்லைத் தகராறில் இருக்கும் கோட்டம் அது. ஒவ்வோர் ஆண்டும் சித்ரா பௌர்ணமிக்கு முன் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள்: எத்தனை ஜீப், எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், குடிநீர் எங்கே, மருத்துவக் குழு எங்கே. ஒரு நாள் திருவிழாவுக்கு இரண்டு மாநிலங்களின் அதிகாரிகள் இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட முடிகிறது. அதே மலையில் அன்றாடம் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கான கண்ணகிகளுக்காக ஆண்டுக்கு ஒருமுறை அப்படி உட்கார முடியாதா?

முடியும். அதற்குச் சட்டப்பிடிமானமும் இருக்கிறது. 7ஆம் பிரிவின் அந்த மூன்றாவது வரியை இங்கேதான் எடுக்க வேண்டும். தேசியத் திட்டத்தைத் திருத்தும்போது பெண்கள் குழுக்களைக் கலந்துபேச வேண்டும். பட்டியல் வளர வளரத் திட்டமும் திருத்தப்பட்டாக வேண்டும். டெல்லியில் ஒரு விடுதியின் கூட்ட அறையில் ஆங்கிலத்தில் நடப்பது மட்டும் கலந்துபேசுவது ஆகாது. போடியிலோ கம்பத்திலோ, வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழில் நடக்கட்டும்.

அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா ஏற்கெனவே பாதியைச் சொல்லிவிட்டார். மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்து உள்ளே விடலாம் என்று தோட்ட வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். அந்த நாட்களுக்கு வேறு வேலை, அல்லது கூலி. ஜீப்பில் ஏறும் ஒவ்வொருத்தியின் பெயரும் ஒரு பேரேட்டில் வரவேண்டும். இரண்டு மாநில மருத்துவமனைகளிலும் செல்லுபடியாகும் ஒரு பரிசோதனை அட்டை. அதில் கருவும் மாதவிடாயும் மட்டுமல்லாமல் தோல், கண், மூச்சு, நரம்பும். கூலி போகுமோ என்று அஞ்சாமல் புகார் சொல்ல ஓர் இடம். ‘பெண்களும் குழந்தைகளும்’ என்ற தலைப்பின் கீழே இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. நஞ்சை ஒழிக்கும் வழிமுறைகளாகவே திட்டத்தின் நடுப்பகுதியில் எழுதப்பட வேண்டும். ஏனென்றால் அடுத்த தடைக்குரிய புட்டி எது என்று ஜெனீவாவுக்கு முன்பே அறிந்துவிடுவது அந்தக் கைகள்தான்.

அந்த மாணவி இப்போது ஆய்வு மாணவி. ஏலத்தோட்டப் பெண்களின் வழக்குச் சொற்களைத் தொகுக்கிறாள். முதல் பதிவே மருந்து என்ற சொல்லுக்குத்தான். பொருள் எழுதும் இடத்தில் ‘1. நோய் தீர்ப்பது’ என்று எழுதியிருந்தாள். இரண்டாவது பொருளை நிரப்பாமல் என்னிடம் கொண்டுவந்து, “என்னம்மா எழுதட்டும்?” என்று கேட்டாள். “உங்க அம்மா என்ன சொன்னாங்களோ அதை அப்படியே எழுது, பக்கத்தில் அவங்க பேரையும் எழுது” என்றேன்.